பொத்தானுக்கும் இலக்கணம்

தமிழ்ச் சிறப்புப் பாடம் பயிலும் மாணாக்கர்க்கு வலைப்பக்கம் இயற்றுந் தொழிலோடு யாது இயைபு என்று நண்பர் பலர் எம்மை வினவுவதுண்டு. இயைபு மிகவுண்டு என்பதே எம் விடை. வினையானது தன் எழுவாயோடு திணை, பால், எண், இடம் என்பவற்றான் ஒத்து முடிதல் வேண்டுமென இலக்கணம் விதிக்கின்றது. 'அவன் வந்தது' எனின், கேட்ட அளவிலேயே செவி மறுக்கும். நிரலெழுதுவார்க்கு அத்தகைய செவியாய் அமைந்தது, மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட் என்னும் மொழி. ஜாவாஸ்கிரிப்டின்மேல் வகை என்னும் இலக்கணத்தை ஏற்றி, நிரல் ஓடுதற்கு முன்னரே வழுக்களைச் சுட்டுதல் அதன் பணியாம்.

எம் கல்லூரி நூலகத்துக்கு அட்டவணைப் பக்கமொன்று அமைக்கும் பணியில் யாமும் நண்பர் சிலரும் ஈடுபட்டுள்ளோம். 2013-ஆம் ஆண்டில் பேஸ்புக் நிறுவனத்தார் பொதுவில் வெளியிட்ட ரியாக்ட் அதற்குக் கருவி. அதன்கண் பக்கமானது சிறுசிறு உறுப்புக்களாகப் பகுத்து எழுதப்படும். நூலைத் தெரிந்தெடுக்க ஒரு பட்டியல், ஆசிரியரைத் தெரிந்தெடுக்க மற்றொன்று, ஆண்டினுக்கு வேறொன்று எமக்கு வேண்டியிருந்தன. மூன்றுக்கும் தோற்றமும் செயலும் ஒன்றே. உள்ளே வரும் பொருள் மட்டுமே வேறு. மும்முறை எழுதின், ஒன்றிற் செய்த திருத்தம் ஏனையவற்றை எட்டாது. எதுவேனும் வரலாமென்று வகையைத் தளர்த்தி ஒன்றே எழுதின், அது திருப்பித் தருவது நூலோ ஆண்டோ என்பது விளங்காது. ஆதலின் வகைக்குரிய இடத்தை வெற்றிடமாக விட்டு எழுதினோம். இதனை ஜெனரிக் என்பர். நூல்களை இட்டால் நூலே வரும். ஆண்டுகளை இட்டால் ஆண்டே வரும்.

பொத்தானுக்கும் இம்முறை பொருந்தும். வேறு பக்கத்துக்கு அழைத்துச் செல்லும் பொத்தானுக்கு முகவரி வேண்டும். ஒரு தொழிலை நிகழ்த்தும் பொத்தானுக்கு அத்தொழில் வேண்டும். இரண்டையும் 'இருப்பினும் இருக்கலாம்' என்று விட்டால், இரண்டும் இல்லாத பொத்தானும் பக்கத்தில் ஏறிவிடும். இணைப்பு, செயல் என இருவகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரியதை விதித்தால் அவ்வழு தொடக்கத்திலேயே பிடிபடும். படம் மட்டுமே தாங்கிய பொத்தானுக்கு ஒரு பெயரையுங் கட்டாயமாக்கலாம். கண்பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள் அப்பெயரையே உரைக்கும். பெயரில்லையேல் அப்பொத்தான் எதற்கென அவர் அறியார்.

இலக்கணத்தார் வழாநிலை, வழு என்பவற்றோடு வழுவமைதியும் வகுத்தனர். பசுவை உவப்பினால் தாயென அழைத்தல் காரணம் பற்றி அமைந்தது. டைப்ஸ்கிரிப்டிலும் 'இதனை இவ்வகையென்றே கொள்க' என நிரலாளர் அறுதியிட இடமுண்டு. தக்க காரணமின்றி அதனை ஆளுதல் வழுவை மறைத்தலேயாம். அன்றியும், நிரல் ஜாவாஸ்கிரிப்டாக மாறுங்கால் வகைக்குறிப்புக்கள் யாவும் நீங்கிவிடுகின்றன. ஓடும்போது அவை காவல் நில்லா. ஆகவே புறத்திருந்து வருந் தரவினை வாயிலிலேயே ஆராய்ந்து ஏற்றல் வேண்டும்.

'சிறு பட்டியலுக்கு இத்துணைக் கட்டுப்பாடு எற்றுக்கு?' என்று நண்பரொருவர் எம்மைக் கடிந்தார். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஓரிடத்தில் மட்டும் வருவதனை எங்கும் பொதுவாக்க முயலுதல் வீண் உழைப்பே. ஆயினும் யாம் எழுதியதை நெடுநாள் ஆளப்போகின்றவர் யாமல்லேம். சின்னாளில் யாம் இக்கல்லூரியை விட்டு நீங்குவோம். எம் முகமும் அறியாத இளைய மாணாக்கர் இரவில் தனித்திருந்து இவ்வுறுப்புக்களை எடுத்தாள்வர். அருகிருந்து விளக்க யாம் இரோம். அப்பொழுது, 'இஃது ஈண்டுப் பொருந்தாது' என்று எம்பொருட்டு அவர்க்கு உரைப்பது யாம் இன்று எழுதிவைக்கும் வகையே. தோழர்காள், நிரல் எழுதுங்கால் அம்மாணாக்கரை ஒருமுறை நினைமின். வகையை நெகிழவிட மனம் வாராது.