திரி

2018 பிப்ரவரி 1 முதல் சிங்கப்பூரில் மின்சிகரெட்டைக் கையில் வைத்திருப்பதே குற்றம். அப்போது 2,000 வெள்ளி வரை அபராதம். அதன்பின் புது அட்டமைசர் வாங்கப் பயம். பழையதையே ஓட்டினேன்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. கருகிய பஞ்சைப் பிடுங்கிவிட்டு, கம்பிச்சுருளைப் பழுக்கச் சூடாக்கினால் படிந்த கரி உதிரும். இனிப்பு கூடின திரவம் என்றால் கரி சீக்கிரம் கட்டும். ஆறியதும் கழுவிக் காயவைத்து, புதுப் பஞ்சு வைக்க வேண்டும். பஃபலோ ரோட்டில் அம்மா விளக்குத் திரிக்கு வாங்கிய பஞ்சு அது.

எவ்வளவு செய்தும் கருகல் நெடி போகவில்லை. ஓர் இரவு, வீராசாமி ரோடு வீட்டு அடுக்களையில் அப்பா வந்து நின்றுவிட்டார். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் ரேடியோவும் மண்ணெண்ணெய் அடுப்பும் பழுதுபார்த்து விற்றவர். 2017 ஜூலை 10-இல் சந்தையை மூடியபின் வீட்டில் சும்மா இருந்தார்.

“என்னடா இது?”

“கொசு மருந்து மெஷின்ப்பா.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “திரிய இப்படி இறுக்கினா எண்ணெய் எப்படிடா ஏறும்?” பாதிப் பஞ்சை உருவினார். ஓரத்தைச் சரித்து வெட்டினார். அவர் கையில் இடுக்கியைப் பார்த்து எத்தனை நாளாச்சு! அந்தக் கையில்தான் அப்போது குற்றமும் இருந்தது. அது அவருக்குத் தெரியாது.

அதன்பின் நெடி வரவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒவ்வோர் இழுப்பும் அப்பா சரிசெய்து கொடுத்தது. மூன்றாம் நாள் தூக்கிப் போட்டேன்.

இன்னும் கேட்கிறார்: “மெஷின் ஓடுதாடா?”

“ஓடுதுப்பா.”

“அப்ப ஏன் கொசு கடிக்குது?”