வரப்பிலிருந்து செஞ்சி மலைக்கு

சித்திரையில் வானம் கறுத்தால் ஊரெல்லாம் குளிர்ந்து போகும்; மரக்காணத்தில் உப்பளத்துக்காரர்களுக்கு மட்டும் வயிறு கலங்கும். தை பிறந்தது முதல் புரட்டாசி வரை வெயிலை நம்பிச் செய்கிற தொழில் இது. உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிச் சுண்டவிட்டு, உப்பு விளையும் பதத்துக்குக் கொண்டுவரப் பல நாள் பிடிக்கும். நடுவில் ஒரு மழை அடித்தால் விளைந்தது கரைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐப்பசி வந்தால் அளத்தில் வேலையே இல்லை. மழைக்கால மாதங்களுக்கென்று அரசு 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. நல்ல காரியம்தான், ஆனால் ஒரு குடும்பம் அதை வைத்து எத்தனை நாள் ஓட்டும்?

இந்த மண்ணில் வளர்ந்தவனுக்கு மலையில் நடக்கும்போதும் கண் தண்ணீர்ப் பக்கமே போகிறது.

எங்களுக்குக் கிட்டத்து மலை செஞ்சி. திண்டிவனம் போய் மேற்கே திரும்பினால் கொஞ்ச நேரத்தில் பாறைக் குன்றுகள் தெரியத் தொடங்கும். மரக்காணமும் செஞ்சியும் ஒரே விழுப்புரம் மாவட்டம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் இணைத்துச் சுமார் 13 கி.மீ. நீளத்துக்குக் கோட்டை மதில், நடுவில் முக்கோணமாக ஒரு பள்ளத்தாக்கு. திருவண்ணாமலைச் சாலை இந்தக் கோட்டைக்குள் புகுந்துதான் போகிறது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் நேராக ராஜகிரியில் ஏறி, உச்சியில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். பள்ளத்தாக்கில் நின்று நடக்கிறவர்கள் குறைவு. எனக்கு அந்த நடைதான் பெரிது.

ஒருமுறை என் மாமாவை அழைத்துப் போனேன். வாழ்நாளெல்லாம் அளத்தில் உப்பு வாரியவர். வழுக்கும் வரப்பில் தலைச்சுமையோடு நடந்த கால் அது; பாதம் முழுவதும் பதிந்த பிறகுதான் அடுத்த அடி எழும்பும். செஞ்சியின் படிகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. முழங்கால் உயரத்துக்கு ஒரு படி, உடனே சாய்ந்த பாறை, பிறகு உடைந்த கல். இளவட்டங்கள் ஓடி ஏறி, பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். மாமா அளத்தில் நடக்கிற அதே நடையில், ஒரு வார்த்தை பேசாமல் அவர்களைக் கடந்து போனார். பாறைப் பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரைக் கண்டதும்தான் நின்றார். குனிந்து கையில் அள்ளிப் பார்த்தார்.

"இம்மாந் தண்ணிய மேலயே நிறுத்தி வச்சிருக்கான் பாருடா. நாம கீழ ஒரு மழைக்கே அழுவுறோம்."

அந்தப் பேச்சுக்குப் பிறகு அந்தக் கோட்டை எனக்கு வேறாகத் தெரிகிறது. கருங்கல் தண்ணீரைக் குடிக்காது. பெய்கிற மழை அப்படியே வழிந்து ஓடிவிடும். அந்த ஓட்டத்தை மறித்துச் சுனைகளிலும் குளங்களிலும் பிடித்து வைத்ததால்தான் இங்கே ஆள் குடியிருக்க முடிந்தது. ராஜகிரி அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிகுளம். கல்யாண மகாலுக்கு மண்குழாய் வழியாகத் தண்ணீர் வந்திருக்கிறது. 1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்க, முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698இல். இடையில் தளர்ந்தும் இறுகியும் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள். ராஜகிரியின் 800 அடி உயரமும் உச்சி வாசலுக்கு முன்னால் இருக்கிற பிளவும் எதிரியைத் தடுத்தன என்று எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் அத்தனை வெயில் காலத்தைத் தண்ணீர் இல்லாமல் எந்த மதிலும் தாங்காது. பீரங்கி மேடையைக் காட்டுகிற ஆர்வத்தோடு நம் ஆட்கள் குளத்தையும் காட்ட வேண்டாமா?

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. அவற்றைத் தொட்டுப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அவை நின்ற பள்ளத்தாக்கைப் பார்த்திருப்பார்கள்?

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. எங்கள் மரக்காணத்தை அடுத்த கழுவெளி ஈரநிலத்துக்கும் அதற்கு முந்தின ஆண்டுதான் ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலத் தகுதி கிடைத்தது. மழைநீரும் கடல்நீரும் கலக்கிற அந்தச் சதுப்பு ஒரு பக்கம், மழையைக் கல்லில் பிடித்த மலை மறு பக்கம். ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள் இரண்டையும் ஒரே பாடமாகப் படிக்க இதைவிட நல்ல சமயம் வராது.

இனிக் கூட்டம் பெருகும். அதற்கு முன்னால் தொல்லியல் துறை ஒன்று செய்யலாம்: ராஜகிரிப் படிக்கட்டு ஒன்றே வழி என்று விடாமல், குளத்திலிருந்து குளத்துக்கு நடந்து போகப் பள்ளத்தாக்கில் ஒரு பாதையை அடையாளமிட்டு, தண்ணீர் வந்த வழியைத் தமிழில் எழுதி வைக்கலாம். போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெயில் ஏறுமுன் போங்கள், குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள், காலி பாட்டிலைச் சுனையில் போடாமல் கையோடு கீழே கொண்டுவந்துவிடுங்கள்.