பிளவின் விளிம்பில் ஓர் ஆலயம்

கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், சான் ஹுவான் பௌதிஸ்தா என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. 1797-ஆம் ஆண்டு, ஸ்நாபக அருளப்பரின் திருநாளாகிய ஜூன் 24 அன்று, பிரான்சிஸ்கன் துறவிகள் இங்கு ஒரு மறைபரப்புத் தளத்தை நிறுவி, அப்புனிதரின் பெயரையே அதற்குச் சூட்டினர். வெயிலில் உலர்த்திய மண்கற்களால் எழுப்பப்பெற்ற ஆலயம் 1812-இல் அர்ச்சிக்கப்பட்டது. இன்றும் அது பங்கு மக்கள் திருப்பலி காணும் ஆலயமாகவே விளங்குகிறது.

ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் அம்மண்ணின் பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கில் துயில்கின்றனர். அதற்கப்பால் நிலம் சட்டெனச் சரிந்து, பரந்த வயல்வெளியில் முடிகிறது. காண்போர் அதனை ஆற்றங்கரை மேடு என்றே எண்ணுவர். ஆனால் அச்சரிவின் வழியே ஓடுவது, உலகறிந்த சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு!

பூமியின் மேலோடு பல பெரும் தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆலயம் நிற்பது பசிபிக் தட்டின் ஓரத்தில். கீழேயுள்ள வயல்களோ வட அமெரிக்கத் தட்டில். இவ்விரண்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வீதம் ஒன்றையொன்று உரசிச் செல்கின்றன. நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிடச் சற்றே மிகுதி, அவ்வளவுதான். இந்நகர்வின் ஒரு பெரும் பங்கைச் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு ஏற்கிறது.

இவ்வூருக்குத் தெற்கே பிளவின் இரு கரைகளும் ஓசையின்றி நழுவுகின்றன. ஹாலிஸ்டர் நகருக்கு அப்பால் பிளவின் மீதே அமைந்த திராட்சை இரசச் சாலை ஒன்றில், சுவர்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் விலகுவதை 1950-களில் கண்டறிந்தனர். சுவர் விரிசல் விடுகிறது. ஆனால் இப்பகுதியில் பெரும் இறுக்கம் சேர்வதில்லை.

வடக்கே நிலைமை வேறு. அங்கே பாறைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியுள்ளன. தட்டுகளோ நகர்வதை நிறுத்துவதில்லை. எனவே பிளவின் அருகேயுள்ள நிலம் சிறிது சிறிதாக வளைகிறது. பாறையினுள் சேரும் இவ்விறுக்கத்தைத் தகைவு என்றும், அதனால் நேரும் உருமாற்றத்தைத் திரிபு என்றும் இயற்பியல் கூறும். மூங்கிலை வளைத்துப் பிடித்திருப்பதை நினைத்துப் பாருங்கள். பிடி தளரும்வரை அது அசையாது. தளர்ந்த கணமே விசையோடு நிமிரும்.

1906 ஏப்ரல் 18 அதிகாலையில் அப்பிடி தளர்ந்தது. இவ்வூர்ப் பகுதியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 470 கிலோமீட்டர் நீளத்திற்குப் பிளவு நழுவியது. வேலிகளும் பாதைகளும் சில இடங்களில் பல மீட்டர் விலகி நின்றன. நிலநடுக்கத்தாலும் அதைத் தொடர்ந்த தீயாலும் சுமார் 3,000 பேர் மாண்டனர். இவ்வாலயத்தின் பக்கக் கூடங்களின் சுவர்கள் இடிந்து வீழ்ந்தன; நடுக்கூடம் தப்பியது. வீழ்ந்த பகுதி முழுமையாகச் சீர்பெற 1976 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

முந்தைய ஆண்டுகளின் நில அளவைகளைப் பேரழிவுக்குப் பின் எடுத்த அளவைகளோடு ஒப்பிட்டு, இவ்வுண்மையை 1910-இல் விளக்கியவர் பேராசிரியர் ஹாரி ஃபீல்டிங் ரீட். நிலநடுக்கம் ஒரு கணத்தில் பிறப்பதன்று, பல்லாண்டுகளாகச் சேர்ந்த திரிபின் விடுதலையே அது என்பது அவர் முடிவு.

எவ்வளவு சேர்ந்துள்ளது என்பதை இன்று துணைக்கோள்களின் துணையோடு அளக்கிறார்கள். எப்போது விடுபடும் என்பதைத்தான் எவராலும் சொல்ல இயலவில்லை. தெற்கேயுள்ள பார்க்ஃபீல்டில் 1993-க்குள் வரும் என எதிர்பார்த்த நடுக்கம், 2004-இல்தான் வந்தது.

1906-க்குப் பின் வடபகுதி மீண்டும் இறுகிக் கிடக்கிறது. ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் என்று கொண்டாலும் நூறாண்டில் 2 மீட்டர் ஆகிறதன்றோ! சுவரில் விரிசல் விழும் தெற்கைக் காட்டிலும், விரிசலே காணாத வடக்கில்தான் வீடுகளை உறுதியாகக் கட்டுவதில் மிகுந்த கவனம் வேண்டும்.