தேனாம்பேட்டையில் ஓர் அஸர் வேளை

 

சென்னைக்குச் சென்ற தாங்கள் அண்ணா சாலை வழியே தேனாம்பேட்டையைக் கடக்காமல் திரும்பியிருக்க முடியாது. டி.எம்.எஸ். வளாகம், அண்ணா அறிவாலயம், காமராஜர் அரங்கம் என்று வரிசையாகக் கட்டடங்கள். 2018 முதல் நிலத்தடியில் மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. அதில் வடக்கே உள்ள ஒரு நிலையத்தின் பெயர் ஆயிரம் விளக்கு. ஆற்காட்டு நவாபு குடும்பத்தார் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரையே அப்பகுதியும் ஏற்றது; அப்பெயரையே ரயில் நிலையமும் ஏற்றிருக்கிறது.

ஆனால் நம் பெண்மக்களுக்குத் தேனாம்பேட்டை என்றதும் நினைவுக்கு வருவது வேறொன்று. அது கே.பி. தாசன் சாலையில் உள்ள மகளிர் கல்லூரி. உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய பஷீர் அஹமது சயீத் அவர்களின் பெருமுயற்சியால் 1955இல் தோன்றியது. நெடுங்காலம் எஸ்.ஐ.இ.டி. கல்லூரி என்றே அழைக்கப்பட்டது. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. முஸ்லிம் பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாயிருந்த காலத்தில், எல்லாச் சமயத்துப் பெண்களோடும் அவர்கள் ஒன்றாக அமர்ந்து பயில அது வாசலைத் திறந்து வைத்தது.

அந்தக் கல்லூரியைக் காணவே ஒரு ஜூன் மாதத்தில் நானும் என் கணவரும் மகளும் சென்றோம். எங்கள் ஊர் சென்னைக்குத் தெற்கே இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கல்லூரியைக் கண்டு மகிழ்ந்து, மருத்துவமனையில் இருந்த உறவினர் ஒருவரையும் நலம் விசாரித்து வெளியே வந்தபோது மாலை ஐந்தரை மணி. அஸர் தொழவில்லை. விசாரித்தபோது அருகிலேயே ஒரு பள்ளிவாசல் இருப்பதாகச் சொன்னார்கள். விரைந்து சென்றோம். என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றார். நானும் மகளும் வாசலில் நின்றோம்.

அங்கிருந்த முதியவர் கனிவோடுதான் சொன்னார்: "இங்கே பெண்களுக்குத் தனியிடம் இல்லையேம்மா." உளூ செய்யும் குழாய்களோ ஆண்கள் வரிசையாக அமரும் திறந்த இடத்தில் இருந்தன. முழங்கை வரை கையைத் திறப்பதற்கும் தலையில் ஈரக்கையால் தடவுவதற்கும் அங்கே எவ்வாறு இயலும்? அவர் தொழுதுவிட்டு வந்தார். மகள் என்னைக் கேட்டாள்: "அத்தாவுக்குக் கடமை முடிந்தது. நம் கடமை என்னாவது, அம்மா?"

என்னிடம் பதில் இல்லை. எதிரே ஒரு சிறு தையற்கடை இருந்தது. அங்கிருந்த இந்துச் சகோதரியிடம் தயங்கியபடி கேட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் பின்னறையைக் காட்டினார். துவைத்து மடித்த விரிப்பு ஒன்றையும் எடுத்துத் தந்தார். பள்ளிவாசல் முதியவர் ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கடை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் சென்றார். மேற்கிலிருந்து சற்று வடக்கே முகம் திருப்பி, பயணிகளாகிய நாங்கள் இரண்டு ரக்அத் தொழுதோம். அல்ஹம்துலில்லாஹ்!

சகோதரியே, ஊர் திரும்பும் வழியெல்லாம் நான் எண்ணியது இதுதான். வீட்டில் தொழுவதே பெண்ணுக்குச் சிறந்தது என்று நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. அதற்கு நபிமொழியும் உண்டு. அதில் நமக்குக் குறையேதும் இல்லை. ஆனால் வீடு இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது அவள் எங்கே தொழுவது? வீட்டில் தொழுவது சிறப்பு என்பது வெளியில் தொழுகையை விட்டுவிட அனுமதி ஆகாதே! நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று இறைமறை (4:103) கூறுவது ஆணுக்கு மட்டுமன்று.

அல்லாஹ்வின் அடியாள்களை அவனுடைய பள்ளிவாசல்களை விட்டும் தடுக்காதீர்கள் என்னும் கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. உமர் (ரலி) அவர்களின் மனைவியார் சுபுஹுக்கும் இஷாவுக்கும் பள்ளிக்குச் சென்று வந்தார். உமர் (ரலி) அதை விரும்பாதபோதும், இந்த நபிமொழி காரணமாகத் தடுக்கவில்லை. போர்வையால் தம்மை மூடிக்கொண்டு சுபுஹுத் தொழுகையில் கலந்து திரும்பிய பெண்களை இருளில் யாரும் அடையாளம் கண்டதில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். நாணமும் தொழுகையும் அவர்களிடம் ஒன்றையொன்று தடுக்கவில்லை.

பார்வையைத் தாழ்த்தும் கட்டளையும் முதலில் ஆண்களுக்கே (24:30) வந்தது. அடுத்த வசனமே பெண்களுக்குரியது. ஆகவே பெண்ணின் நாணத்தைக் காப்பதில் பள்ளிக்கு வரும் ஆண்களுக்கும் பங்குண்டு. திரும்பிப் பாராமல் சென்ற அந்த முதியவர் தம் பங்கைச் செய்தார்.

தயம்மும் சலுகை எப்படி வந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்துமாலை தொலைந்தது. அதைத் தேடுவதற்காக நபியவர்கள் தங்க, படையே தங்கியது. தண்ணீரோ இல்லை. மகளை அபூபக்ர் (ரலி) கடிந்துகொண்டார்கள். அப்போதுதான் தயம்மும் வசனம் இறங்கியது. ஒரு பெண்ணின் பயணச் சங்கடம் சமுதாயம் முழுமைக்கும் சலுகையாயிற்று.

ஆனால் குழாய்தோறும் தண்ணீர் ஓடும் நகரில் அச்சலுகை நமக்கில்லை. ஆகவே முன்னேற்பாடு தேவை. அன்று தவறு என்மீதும் இருந்தது. புறப்படும்போதே உளூ செய்துகொள்ளுங்கள். முகமும் முன்கையும் தவிர உடல் முழுவதும் மறையும்படி நீண்ட மக்கனா ஒன்றும் சிறு விரிப்பும் பையில் இருக்கட்டும். ஜூன் மாதத்தில் சென்னையில் மாலை ஆறரைக்குப் பிறகே சூரியன் மறைகிறது. நவம்பர் இறுதியிலோ 5.40க்கெல்லாம் மஃரிபு வந்துவிடும். பயணத்தில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழ ஷாஃபிஈ மத்ஹபில் இடமுண்டு. எங்களைப் போன்ற ஹனஃபிகளுக்கு அது இல்லை. தங்கள் மத்ஹபின் சட்டத்தை ஊர் ஆலிமிடம் முன்பே கேட்டறியுங்கள்.

ஜமாஅத் பெரியோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் அமைத்து நம் முன்னோர் வழிகாட்டியுள்ளனர். நாங்கள் பெரும் மண்டபம் கேட்கவில்லை. கடைத்தெருவிலும் மருத்துவமனைகளுக்கு அருகிலும் உள்ள பள்ளிகளில் தனி வாசலும், ஒரு திரையும், மறைவான ஒரு குழாயும், நான்கு பேர் நிற்க ஓர் இடமும் போதும். பிள்ளையை மருத்துவமனையில் கிடத்திவிட்டுத் தவிக்கும் ஒரு தாய் அங்கே ஸஜ்தாவில் விழுவாள். அவளுடைய துஆவில் உங்களுக்கும் பங்கு கிடைக்கும்.

சகோதரியே, அடுத்தமுறை அந்தப் பக்கம் செல்லும்போது, உங்கள் மகளும் என் மகள் கேட்ட கேள்வியைக் கேட்கக்கூடும். பதிலோடு செல்லுங்கள். தையற்கடைச் சகோதரிக்கு வல்ல ரஹ்மான் எல்லா நலன்களையும் அருள்வானாக! நம் தொழுகைகளை உரிய நேரத்தில் நிறைவேற்றும் பேற்றை நமக்கு நல்குவானாக! ஆமீன்.