மறுகாவும் பிறகும்

மூத்தம்மாவின் கதைகள் மூன்று சீ.ஆர். கொப்பிகளில் இருந்தன. மொத்தம் 11 கதைகள். நாலாவது கொப்பியை 2004 டிசம்பர் 26 இல் வீட்டோடு சேர்த்துக் கடல் கொண்டுபோய்விட்டது. அதிலிருந்த கதைகளைக் கேட்டால், "போனது போனதுதான் புள்ள" என்பார். அதற்குமேல் பேசமாட்டார். மருதமுனையில் தறியடித்துப் பிள்ளைகளை வளர்த்தவர் அவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர்.

சென்ற வருடம் மாமா, "இதைப் புத்தகமாக்குவோம்" என்றார். தட்டச்சு வேலை என்னிடம் வந்தது. பரீட்சைக்குக் காலம் இருந்ததால் உம்மாவும் தடுக்கவில்லை. முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் தொலைபேசியில் படமெடுத்து வைத்தேன். வீட்டில் பழைய கொப்பி வைத்திருப்பவர்கள் இதையாவது இன்றே செய்துவிடுங்கள்.

பதிப்பகம் கேட்டவை சின்ன விடயங்கள்தான்: ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும், 12 அளவு எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, யுனிகோட். ஆனால் மாமா முன்பே ஒரு கதையைக் கடையில் கொடுத்துப் பாமினியில் அடித்து வைத்திருந்தார். என் கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துகளாகத் திறந்தது. பாமினியில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. அந்த எழுத்துரு இருந்தால்தான் அவை தமிழாகத் தெரியும். யுனிகோட்டில் தமிழ் எழுத்துகளுக்கே தனி எண்கள் உண்டு. மாற்றியதில் ஹ, ஜ, ஸ வந்த இடங்கள் சில குழம்பின. நம் பெயர்களில்தான் அந்த எழுத்துகள் அதிகம்!

அடுத்தது எழுத்தொருமை. ஒரே கதையில் ரமழான், றமழான், ரமலான் என்று மூன்று விதமாக இருந்தது. துஆவும் துவாவும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவத்தைத் தீர்மானித்து, தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிக்கொண்டேன்.

உண்மையான சிக்கல் பிறகுதான் வந்தது. தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்ற உறவினர் ஒருவர் பிரதியைப் பார்த்துத் தந்தார். எழுத்துப்பிழைகளை அருமையாகத் திருத்தியிருந்தார். அதோடு 'மறுகா' எல்லாம் 'பிறகு' ஆகியிருந்தது. 'கிறுகி' எல்லாம் 'திரும்பி' ஆகியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. மூத்தம்மாவோ அவர் பக்கம் நின்றார்.

"படிச்ச ஆக்கள் பாத்துச் சிரிப்பாங்க. அவர் சொன்ன மாதிரியே போடு மகள்."

மூத்தம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. அதனால் பிரதியை நான்தான் வாசித்துக் காட்டுவேன். ஒரு கதையில், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் மகள் பஸ்ஸில் ஏறும்போது, "மறுகா வாறன் உம்மா" என்பாள். திருத்தியபடி அதை, "பிறகு வருகிறேன் உம்மா" என்று வாசித்தேன். மூத்தம்மா கையைக் காட்டி நிறுத்தினார். மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"அவள் இப்பிடிக் கதைக்கமாட்டாள்" என்றார்.

அன்றிலிருந்து பாத்திரங்கள் பேசுகிற இடங்களெல்லாம் பழையபடி வந்தன. கதை சொல்லும் பகுதிகளில் மட்டும் 'திரும்பி'தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 'கிறுகி' இருந்தால் அழகு என்பது இன்றும் என் எண்ணம். ஆனால் புத்தகம் அவருடையது. அவர் சொன்னபடியே அடித்தேன்.

'தார்' என்ற கதையின் தலைப்பைப் பார்த்து என் தோழி, வீதி போடுகிற கதை என்று நினைத்தாள். தறி நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய குழல்தான் தார். அப்போதுதான் பின்னிணைப்பாகச் சொல்விளக்கம் தேவை என்று புரிந்தது. மூத்தம்மா சொல்லச் சொல்ல 34 சொற்களுக்கு விளக்கம் எழுதினேன். பாவு, நாடா, தார் எல்லாவற்றுக்கும் கையாலும் செய்து காட்டினார். 'மறுகா'வுக்கு மட்டும் விளக்கம் தர மறுத்துவிட்டார். "இது தெரியாத ஆக்களும் இருக்காங்களா?"

ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பற்றி மூத்தம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். இலங்கையில் அதைத் தருவது கொழும்பிலுள்ள தேசிய நூலகம். 13 இலக்கங்கள். 978ஐ அடுத்து வரும் 955 அல்லது 624 நம் நாட்டைக் குறிக்கும். வீட்டு அலுமாரியிலிருந்த புத்தகங்களை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். "எனக்கும் ஒரு நம்பர் தருவாங்களா?" என்று கேட்டார்.

பதிப்பகம் ஏற்றுக்கொண்டால் 100 பிரதிகளை நாங்களே வாங்க வேண்டுமாம். அது மாமாவின் கவலை.

கொமினிகேஷன் கடையில் இரண்டு பிரதிகள் எடுத்தோம். ஒவ்வொன்றும் 142 பக்கம். ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு மற்றதைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். தபால் கந்தோரில் தந்த துண்டை மூத்தம்மா தன் பேர்ஸில் வைத்திருக்கிறார். மூன்று மாதத்தில் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இது இரண்டாவது மாதம்.