வண்டியோடு கொடுத்தவை

வளர்த்த பசுவை விற்பவன் விலையை மட்டும் பார்ப்பதில்லை. கயிற்றை வாங்கும் கையையும் பார்க்கிறான். தந்தையார் விட்டுச்சென்ற 1952ஆம் ஆண்டு எம்.ஜி. டி.டி. வண்டியை விற்க நேர்ந்தபோது எனக்கும் அந்நிலையே வாய்த்தது. வெள்ளவத்தையில் எங்கள் வீடு தொடர்மாடிக்கு இடம்விட்டது. வண்டிக்கு நிழலில்லாமற் போயிற்று.

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1949 முதல் 1953 வரை இவ்வினத்து வண்டிகள் ஏறத்தாழ 30,000 செய்யப்பட்டன. அடிச்சட்டம் உருக்கு, மேற்கூட்டைத் தாங்குவதோ மரச்சட்டம். பளபளக்கும் வர்ணத்தின் கீழ் அம்மரம் உளுத்திருந்தால் வாங்குபவர் எவ்வாறு அறிவார்? ஈரக் கடற்காற்று வீசும் ஊரில் அந்த ஐயம் நியாயமானதே.

"இடது கதவடியில் மரம் மெலிந்திருப்பதைச் சொல்லாதீர்கள், ஐயா, விலை இறங்கிவிடும்" என்றார் தரகர் ஒருவர். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த இளைஞருக்கு நானே கதவைத் திறந்து அவ்விடத்தைக் காட்டினேன். அவர் கேட்டபடி விலையையும் குறைத்தேன். எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துவதை இருவருமாகச் சரிபார்த்தோம். பெயர் மாற்றாது, வெற்றுப் படிவத்தில் ஒப்பமிட்டு விற்க நான் இசையவில்லை. அவ்வாறு விற்றால், நாளை தெருவில் நேரும் விபத்துக்குப் பழைய சொந்தக்காரரின் வாசலையே பொலிசார் தேடி வருவர்.

பழம்பொருளின் மதிப்பிற் பாதி அதன் வரலாறு. ஆகவே, தந்தையார் எழுதிவைத்த பழுதுபார்ப்புக் குறிப்பேட்டையும் சாவியோடு கொடுத்தேன். பெற்ற பணம் செலவாகிவிடும். வாங்கியவர் வழியிற் கண்டால் முகமலர்ந்து நிற்பாரே, அதுவே மிச்சம்.