வேகத்தை ஆளும் தொழில்

மின்சார வாகனத்தைப் பற்றி விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் பேட்டரியைப் பற்றியே விசாரிக்கிறார்கள். சிறிது விஷய ஞானம் உள்ளவர்கள் மோட்டாரைப் பற்றியும் கேட்பதுண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அலுமினியப் பெட்டிக்குள் இருந்துகொண்டு, பேட்டரி தரும் நேர் மின்சாரத்தை, ஓட்டுகிறவரின் பாதம் கேட்கும் அளவறிந்து, மூன்று கட்ட மாறு மின்சாரமாக்கி மோட்டாருக்கு வழங்குகிற இன்வெர்ட்டரை நினைக்கிறவர் சிலரே. அந்தப் பெட்டியை வடிவமைப்பது என் தொழில். அதன் சூட்சுமம், கீர்த்தி பெற்ற டிரான்சிஸ்டரைக் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள சில அங்குலச் செம்பில்தான் அதிகம் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

டிரான்சிஸ்டரின் பெருமை உண்மையான பெருமைதான். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தில் ஐ.ஜி.பி.டி. என்னும் டிரான்சிஸ்டரைப் படைத்த ஜெயந்த் பாலிகா, சென்னையில் பிறந்து, 1969-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். 1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டோயோட்டா பிரியஸின் இன்வெர்ட்டரில் உழைத்தவை ஐ.ஜி.பி.டி.களே. பின்னர், சிலிக்கானைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு மின்புலத்தைத் தாங்கக்கூடியதும் வெப்பத்தை மூன்று மடங்கு எளிதாகக் கடத்தக்கூடியதுமான சிலிக்கான் கார்பைடு வந்து சேர்ந்தது. 2017-இல் வெளிவந்த டெஸ்லா மாடல் 3 அதைக் காரில் ஏற்றியபிறகு, எங்கள் துறையின் நடையே மாறிவிட்டது.

இன்வெர்ட்டரில் ஸ்விட்சுகளாக வேலைசெய்யும் இந்த டிரான்சிஸ்டர்கள் விநாடிக்குப் பதினாயிரம் தடவைபோல் திறந்து மூடுகின்றன. முழுதும் திறந்த நிலையில் நஷ்டம் இல்லையென்றே சொல்லலாம். முழுதும் மூடிய நிலையிலும் அது சொற்பமே. ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குப் போகும் இடைவேளையில்தான் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒருங்கே நின்று சக்தியை உஷ்ணமாக்கி வீணடிக்கின்றன. ஆகவே அந்த இடைவேளையை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு லாபம் என்று தோன்றும். சிலிக்கான் கார்பைடு அதைச் சில பத்து நானோவிநாடிகளில் முடித்தும் விடுகிறது. ஆனால், பாய்ந்து வரும் நீரைச் சட்டென்று அடைத்தால் குழாய் முழுதும் அதிர்வதுபோல, ஓடுகிற மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால் அதன் பாதை எதிர்த்து நிற்கும். இப்படி எதிர்க்கும் குணத்துக்கு இண்டக்டன்ஸ் என்று பெயர்; ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு அது ஏறத்தாழ 1 நானோஹென்றி உண்டு. 20 நானோஹென்றி உள்ள பாதையில் ஓட்டம் நானோவிநாடிக்கு 5 ஆம்பியர் வீதம் குறையுமானால் 100 வோல்ட் மிகை அழுத்தம் எழும். 400 வோல்ட் பேட்டரிக்கென்று 650 வோல்ட் தாங்கும் சாதனத்தைத் தேர்ந்துகொண்டவனுக்கு மிஞ்சியிருக்கும் 250 வோல்ட் அவகாசத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அதிலேயே போய்விடும். இதற்காகத்தான், இரண்டு செம்புத் தகடுகளை மெல்லிய காப்புத்தாள் மட்டும் இடையே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்து, போகும் ஓட்டத்தின் காந்தப்புலத்தைத் திரும்பும் ஓட்டத்தின் காந்தப்புலம் தணிக்கும்படி பாதை வகுக்கிறோம்.

இந்தத் தொழிலில் எனக்கு எல்லாவற்றினும் பிரியமான காரியம் இரட்டைத் துடிப்புச் சோதனை. முதல் துடிப்பில் ஒரு காயிலில் ஓட்டத்தை ஏற்றி, அது முடியும் தருணத்தில் ஸ்விட்ச் எப்படித் திறக்கிறது என்றும், சிறிது விட்டு இரண்டாம் துடிப்பில் எப்படி மூடுகிறது என்றும் ஆசிலாஸ்கோப்பில் பார்ப்போம். அங்கே தெரியும் அலையை அப்படியே நம்பிவிடலாகாது. அளக்கும் புரோபின் கிரவுண்டுக் கம்பி நீளமாக இருந்தால் அந்தக் கம்பியே ஒரு வளையமாகி, சுற்றில் இல்லாத நடுக்கத்தைத் திரையில் எழுதிவிடும். புரோபின் முனையையும் கிரவுண்டையும் ஒரே புள்ளியில் சேர்த்துவைத்துப் பார்க்கவேண்டும். அப்பொழுதும் அலை தெரிந்தால் அது கருவியின் கற்பனை. மின்குறி ஒரு மீட்டர் கேபிளைக் கடக்க ஏறத்தாழ 5 நானோவிநாடி ஆகும். அழுத்தத்தை அளக்கும் கேபிளும் ஓட்டத்தை அளக்கும் கேபிளும் வெவ்வேறு நீளமாயிருந்தால், ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு தருணங்களைப் பெருக்கி நஷ்டக் கணக்கு எழுதியவர்களாவோம். எனவே கால வித்தியாசத்தைச் சரிசெய்யாமல் எழுதிய நஷ்டக் கணக்கை நான் ஏற்பதில்லை, எவர் எழுதியிருந்தாலும்.

சரியாக அளந்த பிறகே, டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் முனையாகிய கேட்டில் வைக்கும் ரெசிஸ்டரைத் தீர்மானிக்கிறோம். சில ஓம் கூட்டினால் மிகை அழுத்தம் தணியும், நஷ்டம் ஏறும். குறைத்தால் நஷ்டம் இறங்கும், ஆனால் அழுத்தத்தின் கூர்மையான ஏற்றம் மோட்டார்ச் சுருளின் காப்பையும் பேரிங்கையும் வருத்தி, காரின் ஏ.எம். வானொலியில் இரைச்சலாகவும் வெளிப்படும். விளம்பரத்துக்கு உதவும் அரைச் சதவிகிதத் திறனைக் காட்டிலும் பத்தாண்டு கழித்தும் காப்புக் கெடாத சுருளையே நான் விரும்புவேன்.

உஷ்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் டிரான்சிஸ்டர் சூடேறி ஆறுகிறது. சூட்டில் செம்பு விரியும் அளவு சிலிக்கான் கார்பைடு விரிவதைப் போல் நான்கு மடங்கு. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட ஈயப்பற்று நாளடைவில் விரிசல் காணும். வெள்ளித் தூளை அழுத்திச் சூடேற்றி இறுகச் செய்யும் இணைப்பு அதன் ஸ்தானத்துக்கு வந்திருப்பது, என் மதிப்பில், புதிய டிரான்சிஸ்டருக்குச் சற்றும் குறையாத முன்னேற்றம்.

கல்லூரிகளில் இத்துறையைப் போதிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கணினியில் சுற்றை வரைந்து அலையைப் பார்க்கும் மாணவன், அதில் அவன் வரையாத இண்டக்டன்ஸைக் காணமாட்டான். குறைந்த அழுத்தத்தில், தக்க பாதுகாப்போடு, ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஒரு முறையாவது தன் கையால் அந்தச் செம்புப் பாதையை அமைத்து, தன் கண்ணால் அந்த மிகை அழுத்தத்தைப் பார்த்துவிட்டு வெளியேற ஏற்பாடு செய்யுங்கள்.